கோர்ஸ் கோர்ஸா வர்ற சாப்பாடும், அரை மணி முன்னாடியே போட்ட ஊசியும்

நான் திருப்பூர்ல சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பாக்கறேன். ஸ்கூல் லீவு விட்டாப் போதும், ஓபில நாலு பேருல ஒருத்தராவது "டாக்டருங்க, பொண்ணு ஊட்டுக்கு அமெரிக்கா போறமுங்க, மூணு மாசத்துக்கு மாத்திரை எழுதிக் குடுங்க"ன்னு வந்து நிப்பாங்க. நானும் எழுதிக் குடுப்பேன், இன்சுலின கைப்பைல வைங்க, கார்கோல போற பெட்டில வெச்சா உறைஞ்சு போகலாம், உறைஞ்சது திரும்ப உருகினாலும் வேலைக்கு ஆகாதுன்னு சொல்லி ஒரு லெட்டரும் குடுத்து அனுப்பிப்போடுவேன். அங்க போயி எப்படிச் சாப்பிடப் போறீங்கன்னு மட்டும் நான் கேட்டதே இல்லைங்க. போன வருசம் ஒரு குடும்பத்துக்கு நடந்ததக் கேட்டதுக்கு அப்பறந்தான் அதையும் கேக்க ஆரம்பிச்சேன்.

காங்கயம் பக்கத்துக்காரரு, பனியன் கம்பெனி வெச்சிருக்காரு. அவருக்கு அறுபது முடிஞ்சதுக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் சேந்து அமெரிக்காவுலயே ஒரு தீம் பார்க் உள்ள இருக்கற பெரிய பிரெஞ்சு ரெஸ்டாரண்ட்ல ரெண்டு மாசம் முன்னாடியே டேபிள் புக் பண்ணி வெச்சிருக்காங்க. எந்த பார்க்கு, எந்த ரெஸ்டாரண்டுன்னு இங்க தேவையில்ல, அவங்க பண்ணினதுல ஒரு தப்பும் இல்ல. காலைல இருந்து பேரன் கையப் புடிச்சுட்டு ஒரே நடை, போன்ல பதினஞ்சாயிரம் ஸ்டெப்பு காட்டிருக்கு. பொழுதோட ஆறே முக்காலுக்கு டேபிள். நான் சீட்டுல "சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி"ன்னு எழுதிக் குடுத்திருக்கேன் இல்லீங்களா, மனுசன் ஒழுக்கமானவரு, சரியா ஆறேகாலுக்கு பாத்ரூம் போயி தன்னோட முப்பது எழுபது இன்சுலின, அதாவது ரெண்டு வகை கலந்த பழைய மனித இன்சுலின, போட்டுட்டு வந்து உக்காந்துட்டாரு.

அதுக்கப்பறம் நடந்தத அவங்க வீட்டம்மா சொல்லித்தான் நான் கேட்டேன். "மெனு கார்டு குடுத்தாங்க, தண்ணி வெச்சாங்க, குடிக்க என்ன வேணும்னு கேட்டாங்க, அப்பறம் கோயில்ல தீர்த்தம் குடுக்கற மாதிரி ஒரு கரண்டி என்னமோ சின்னக் கிண்ணத்துல கொண்டாந்து வெச்சாங்க, அதுக்கப்பறம் இருபது நிமிசம் ஒண்ணும் வரலைங்க டாக்டருங்க"ன்னாங்க. ஏழு இருபதுக்கு ஏசி ஜிலுஜிலுன்னு ஓடற எடத்துல இவருக்குச் சட்டை முதுகு பூரா நனைஞ்சிருக்கு. ஃபோர்க்க எடுத்துத் துணிக்குள்ள சுத்தறாரு, பிரிக்கறாரு, திரும்பச் சுத்தறாரு. "ஏனுங்க, என்ன பண்ணுதுங்க?"ன்னு கேட்டதுக்கு "வண்டிய எடுக்கச் சொல்லு, கம்பெனிக்கு நேரமாச்சு"ன்னிருக்காரு. மாப்பிள்ளை, பாவம், மாமா தூக்கக் கலக்கத்துல பேசறாருன்னு நெனச்சுட்டாரு. இந்தம்மாவுக்குத்தான் சட்டுனு பொறி தட்டி, பையில இருந்த சர்க்கரை பாக்கற மெசினை எடுத்துக் குத்திப் பாத்தா 46. 70க்குக் கீழ போனாலே லோ, அதாவது தாழ்சர்க்கரை.

உடனே தண்ணில நாலு ஸ்பூன் சர்க்கரை கலக்கிக் குடுத்திருக்காங்க. பதினஞ்சு நிமிசம் கழிச்சு 51. அஞ்சு தான் ஏறியிருக்கு. அந்த ரெஸ்டாரண்ட் ஆளுங்க ஓடிப்போயி பார்க்கோட ஃபர்ஸ்ட் எய்டுல சொல்லி, அவங்க குளுக்கோஸ் ஜெல் கொண்டாந்து குடுத்த பொறகுதான் 88க்கு வந்து, மனுசன் பேரன் பேரச் சரியாச் சொல்லிருக்காரு. கேட்டுட்டு இருந்த எனக்கு வயித்தக் கலக்கிருச்சுங்க, ஏன்னா அந்த அரை மணி கணக்கு என்ற கையெழுத்துல இருக்கு.

அந்தக் கணக்கு எங்க இருந்து வந்ததுன்னு சொல்றேன். நம்ம ஊட்டுல "சாப்பாடு ரெடி, வாங்க"ன்னு கூப்புட்டா சாப்பாடு ரெடி தான். அரிசிம்பருப்பு சோறோ நாலு இட்லியோ தட்டுல விழுந்துரும். கல்யாணத்துல இலை போட்டா உக்காந்த அஞ்சு நிமிசத்துல இனிப்புல இருந்து பொரியல் வரைக்கும் இலை நெறைஞ்சுரும். பழைய மனித இன்சுலின் வேலை ஆரம்பிக்கவே அரை மணி ஆகும், அதனால அரை மணி முன்னாடி போட்டா இன்சுலினும் சோறும் ஒண்ணா ரத்தத்துக்கு வந்து சேரும்.

பிரெஞ்சுக்காரங்க பெரிய விருந்துலயும் பழைய காலத்துல நம்மள மாதிரியே ஒரே நேரத்துல எல்லாத்தையும் மேசை மேல பரப்பி வெச்சுத்தான் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. 19ம் நூற்றாண்டுலதான் ரஷ்யாக்காரங்க பழக்கம் பாரிசுக்கு வந்து, ஒண்ணு சாப்பிட்டு முடிச்சுத் தட்ட எடுத்ததுக்கு அப்பறம் அடுத்தது வர்ற முறை நிலைச்சுது. 2010ல யுனெஸ்கோ இந்தப் பிரெஞ்சு விருந்து முறையவே கலாச்சாரப் பட்டியல்ல சேத்தாங்க, அதுல சொல்ற கணக்குப்படி கொறைஞ்சது நாலு சுத்து, முதல்ல ஸ்டார்ட்டர், அப்பறம் மீனோ கறியோ காய்கறியோட, அப்பறம் சீஸ், அப்பறம் இனிப்பு. அவங்களுக்குச் சாப்பாடுங்கறது ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசறது. நல்ல பழக்கம் தான், நாமளும் கத்துக்கலாம், ஆனா ஊசி போட்டுட்டு வந்தவரோட உடம்பு அந்த ரெண்டு மணி நேரம் காத்திருக்காதுங்க.

இதுல இன்னொரு விசயத்த யாரும் கவனிக்கறதே இல்ல. தட்டுல என்ன வருதுன்னு பாருங்க. உதாரணத்துக்கு ஃபுளோரிடாவுல ஆர்லாண்டோ பக்கம் இருக்கற டிஸ்னியோட எப்காட் பார்க்க எடுத்துக்கலாம், 1982ல தொறந்தது, அங்க பிரான்ஸ் நாட்டுக்குன்னு இருக்கற பெவிலியன்ல பால் போக்யூஸ், இன்னும் ரெண்டு பெரிய பிரெஞ்சு செஃபுங்க சேந்து ரெஸ்டாரண்ட் ஆரம்பிச்சாங்க, இப்ப மாடியில மெஸ்ஸியூ பால்னு அவரு பேருலயே ஒண்ணு இருக்கு. அவரு 1975ல பிரான்ஸ் ஜனாதிபதி மாளிகை விருந்துக்குப் பண்ணின டிரஃபிள்ங்கற வாசனைக் காளான் சூப் உலகம் பூரா பிரபலம், கிண்ணத்து மேல பஃப் மாவு மூடி போட்டு ஓவன் அடுப்புல வெச்சு உப்ப வெச்சது. அந்த சூப்புல மாவுச்சத்துன்னு பாத்தா பெரும்பாலும் அந்த மூடி தான், உள்ள இருக்கறது கறி வெந்த தண்ணி, ஈரல், காளான். அடுத்து வர்றது ஒரு துண்டு மீனோ கறியோ, பக்கத்துல ரெண்டு கேரட்டு, வெண்ணெய் சாஸ். மாவுச்சத்து எச்சா இருக்கறது பிரெட்லயும் கடைசில வர்ற இனிப்புலயும் தான். ஆனா நீங்க போட்ட யூனிட்டு உங்க ஊட்டுச் சோத்துக்கு வெச்ச யூனிட்டு. அதோட வெண்ணெயும் க்ரீமும் வயித்த மெதுவாத்தான் காலி பண்ண விடும், அதனால சாப்பிட்ட கொஞ்சமும் லேட்டாத்தான் ரத்தத்துக்கு வரும். மொத ரெண்டு மணி நேரம் லோ, நடுராத்திரிக்கு மேல ஹை, இதுதான் இந்தச் சாப்பாட்டோட கொணம்.

நடைய மறந்துறாதீங்க. எப்காட் உள்ள இருக்கற ஏரியச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தாலே சுமார் ரெண்டு கிலோமீட்டர், பகல் பூரா நடந்த சதை அன்னிக்கு ராத்திரியும் மறுநாளும் கூட ரத்தத்துல இருக்கற சர்க்கரைய இழுத்துட்டே இருக்கும். ஒயின் ஒரு கிளாஸ் வாங்கினா அது வேற, சர்க்கரை எறங்கறப்ப கல்லீரல் தான் கைகுடுத்துத் தூக்கணும், ஆல்கஹால் உள்ள போனா கல்லீரல் அதத்தான் மொதல்ல கவனிக்கும். வெறும் வயித்துல ஒயின் வேண்டவே வேண்டாம்.

அதனால இப்பெல்லாம் நான் பயணம் போறவங்ககிட்ட நாற்காலியப் பாத்து ஊசி போடாதீங்க, தட்டப் பாத்துப் போடுங்கன்னு சொல்றேன். டேபிள்ல உக்காந்ததும் மொதல்ல சர்க்கரை டெஸ்ட் பண்ணுங்க, 100க்குக் கீழ இருந்தா கையில இருக்கற ரெண்டு பிஸ்கட்டச் சாப்பிட்டுருங்க. "ஐ டேக் இன்சுலின், ப்ரெட் ஃபர்ஸ்ட் ப்ளீஸ்"னு சொல்லுங்க, கூச்சமே வேண்டாம், பிரெட்டு ஒடனே வந்துரும். அஸ்பார்ட், லிஸ்ப்ரோ மாதிரி வேகமா வேலை செய்யற ஊசின்னா மெயின் தட்டு கண்ணு முன்னாடி வந்த பொறகு போட்டாப் போதும், எவ்வளவு சாப்பிடுவோம்னு தெரியலைன்னா சாப்பிட்டு முடிச்ச ஒடனே கூடப் போடலாம். முப்பது எழுபது போடறவங்க இந்த மாதிரி ஒரு ராத்திரிக்கு எத்தன யூனிட்டு, எப்பன்னு உங்க டாக்டர்கிட்ட முன்னாடியே எழுதி வாங்கிக்கங்க, நீங்களா கொறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். டைப் 1, அதாவது உடம்புல இன்சுலினே சுரக்காத வகை, இருக்கற பசங்க நாள் பூரா மெதுவா வேலை செய்யற பேசல் ஊசிய எந்தக் காரணத்துக்கும் விடக்கூடாது. ஒரு ராத்திரி 220, 240 ஏறினா ஏறட்டும்ங்க, அது நாளைக்குச் சரியாயிரும், 46 அப்படி இல்ல, அது அந்த நாற்காலிலயே ஆளச் சாச்சுப்போடும்.

சர்க்கரைத் தண்ணி ஏன் அவருக்கு வேலை செய்யலைன்னு கேட்டீங்கன்னா, இதுதான் நான் எல்லாரும் படிக்கணும்னு நெனைக்கற எடம். நம்ம பக்கம் நெறையப் பேரு சாப்படறது மூணு மருந்து சேந்த மாத்திரை, கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ். அவரும் காலைல அதான் போடறாரு, ராத்திரி ஊசிக்கு முன்னாடி தனியா வோக்லிபோஸ் ஒண்ணு. வோக்லிபோஸோட வேலையே நாம போடற சர்க்கரைய குடல்ல ஒடைய விடாம தடுக்கறது. ஒடையாத சர்க்கரை ரத்தத்துக்குப் போகாது. அதனால அகார்போஸ், வோக்லிபோஸ் சாப்படறவங்களுக்கு லோ ஆனா சர்க்கரை, வெல்லம், மிட்டாய் எதுவும் சட்டுனு கேக்காது, குளுக்கோஸ் தான் குடுக்கணும். மெடிக்கல்ல கிடைக்கற குளுக்கோஸ் பொடி மூணு டீஸ்பூன், அதாவது சுமார் 15 கிராம், தண்ணில கலக்கிக் குடிச்சு 15 நிமிசம் கழிச்சு டெஸ்ட் பண்ணுங்க, 70க்கு மேல வரலைன்னா திரும்பவும் அதே அளவு. உங்க மாத்திரை அட்டையத் திருப்பிப் பாருங்க, வோக்லிபோஸ்னு இருந்தா இன்னிக்கே ஒரு பாக்கெட் குளுக்கோஸ் வாங்கி வைங்க. அந்த மாதிரி ரெஸ்டாரண்ட்ல டெசர்ட்டச் சீக்கிரம் கொண்டாங்கன்னு சொல்லி சாக்லேட்டோ க்ரெம் ப்ருலேயோ ஊட்டறாங்க, அதுல இருக்கற கொழுப்பு சர்க்கரைய இன்னும் லேட்டாக்கும், லோவுக்கு அது மருந்து இல்ல.

ஆளு நெனப்பு இல்லாம சாஞ்சுட்டா வாயில சொட்டுத் தண்ணி கூட ஊத்தக்கூடாது, புரையேறிரும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, அமெரிக்கான்னா 911, இங்கன்னா 108. பிபிக்கு அட்டெனொலால், மெட்டொப்ரொலால் சாப்படறவங்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமப் போகலாம், வேர்வை மட்டும் வரும், அதனால கூட இருக்கறவங்க வேர்வையப் பாருங்க, பேச்சப் பாருங்க. சம்பந்தமில்லாம கோவப்பட்டாலோ, கேட்டதுக்கு வேற பதில் சொன்னாலோ மொதல்ல குத்திப் பாத்துட்டு அப்பறம் சமாதானம் பண்ணலாம். அன்னிக்கு ராத்திரி படுக்கறப்ப ஒரு தடவை, ரெண்டு மூணு மணிக்கு அலாரம் வெச்சு ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க, அப்ப எச்சா காட்டுதுன்னு நடுராத்திரில நீங்களா இன்னொரு ஊசி போட்டுறாதீங்க.

மெட்ஃபார்மின் மட்டும், இல்லைன்னா பேரு கிளிப்டின்னு முடியற மாத்திரை மட்டும் சாப்படறவங்க இதப் படிச்சுப் பயப்பட வேண்டியதில்ல, லோ ஆகற பயம் முக்கியமா இன்சுலினுக்கும் கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு மாதிரி மாத்திரைகளுக்கும் தான்.

டிஸ்னி பார்க்குகள்ல தின்பண்டம் உள்ள கொண்டுபோக விடறாங்க, கண்ணாடி பாட்டில் தான் ஆகாது, அதனால முறுக்கு, பிஸ்கட்டு, குளுக்கோஸ் எல்லாம் தைரியமா எடுத்துட்டுப் போங்க. தொறந்து பாவிக்கற இன்சுலின் 30 டிகிரிக்கு மேல தாங்காது, ஃபுளோரிடா வெயில்ல காருக்குள்ள வெச்சுட்டுப் போனா அது வெறும் தண்ணி தான். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், கோவைக் கொண்டாட்டம் போறவங்களுக்கும் இதேதான், தண்ணில ஆடறப்ப பையும் குளுக்கோஸும் லாக்கர்ல கெடக்கும், மணிக்கணக்கா நீந்தினது நடந்த மாதிரியே சர்க்கரைய எறக்கும், கரைல உக்காந்திருக்கற ஒருத்தர் கையில பாக்கெட்டக் குடுத்து வைங்க. இன்னொண்ணு, மாட்டுக்கறி சாப்பிடாதவங்க, புரட்டாசி விரதம் இருக்கறவங்க கவனிங்க, பிரெஞ்சு வெங்காய சூப் வழக்கமா மாட்டு எலும்பு வேகவெச்ச தண்ணில பண்றது, பேரப் பாத்து வெஜ்ஜுன்னு நெனச்சுறாதீங்க, புக் பண்றப்பவே சொல்லிட்டா மாத்திக் குடுப்பாங்க.

பயணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி வாங்க, முந்தின நாள் வராதீங்க. ஃபுளோரிடாவுக்கும் நமக்கும் அங்க கோடைன்னா ஒம்பதரை மணி நேரம், குளிர்காலம்னா பத்தரை மணி நேரம் வித்தியாசம், போற நாள் ஊசி எந்த ஊரு மணிக்குப் போடறதுன்னு உக்காந்து எழுதவே அரை மணி ஆகும். வர்றப்ப சாப்படற எல்லா மாத்திரை அட்டையும், ஊசி பென்னும், அந்த ஊருல எங்கெங்க விருந்துக்குப் போறீங்கன்னு பொண்ணுகிட்டக் கேட்டு ஒரு லிஸ்ட்டும் கொண்டாங்க. அந்தக் காங்கயத்துக்காரரு இந்த வருசம் அப்படித்தான் வந்தாரு, மூணு எடம் எழுதிட்டு வந்திருந்தாரு, மூணுக்கும் எதுத்தாப்புல எத்தன யூனிட்டு, எந்தத் தட்டு வந்ததுக்கு அப்பறம்னு எழுதிக் குடுத்து அனுப்பினேன்.