தரையை உழச் சொன்ன தீர்ப்பு

2012 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் யானைகளை வதைக்கிறார்கள் என்று வரி செலுத்துபவர் போட்ட வழக்கில் ஒரு நீதிபதி விசித்திரமான உத்தரவு ஒன்றைப் போட்டார். நகர உயிரியல் பூங்காவில் யானைகள் நிற்கும் தரையை அவ்வப்போது உழுதுபோட வேண்டும். பயிர் வைக்க அல்ல, மண் இறுகிவிடாமல் இருக்க. அங்கே இருந்த ஆசிய யானைகளைத் தினமும் குறைந்தது 2 மணி நேரம் நடமாட விட வேண்டும், அங்குசமும் மின் அதிர்ச்சியும் கூடவே கூடாது என்றும் சொன்னார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த யானைக் கூடம் திறந்து 2 வருடம்கூட ஆகியிருக்கவில்லை. சுமார் 4 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் குளம், அருவி எல்லாம் வைத்துக் கட்டி 2010 டிசம்பரில் திறந்தார்கள். அத்தனையும் செய்த பிறகு, வழக்கு கடைசியில் மண்ணில் வந்து நின்றது.

நகரத்து உயிரியல் பூங்காவில் யானை வைக்கலாமா என்ற சண்டை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஒரு பக்கம் சுதந்திரம் என்பார்கள்; மறு பக்கம், பிள்ளைகள் யானையை வேறு எங்கே போய்ப் பார்ப்பார்கள் என்பார்கள். இரண்டுமே வானத்தில் நடக்கும் சண்டை. அந்த நீதிபதி தரையைப் பார்த்தார். நாமும் அங்கிருந்தே, அதாவது யானையின் உள்ளங்காலிலிருந்தே, தொடங்கலாம்.

யானையின் கால் ஒரு தூண் மாதிரி, பாதம் முழுக்கப் பதிய நிற்பதாகத்தான் நமக்குத் தோன்றும். உள்ளே எலும்பைப் பார்த்தால் கதை வேறு. ஹைஹீல்ஸ் செருப்பு போட்டவர் மாதிரி, அது விரல்களை ஊன்றித்தான் நிற்கிறது. குதிகால் மேலே தூக்கி இருக்கிறது. அடியில் காலியாகும் இடத்தைக் கொழுப்பும் நாரும் கலந்த தடித்த மெத்தை ஒன்று அடைத்திருக்கிறது. எடை இறங்கும்போது இந்த மெத்தை பக்கவாட்டில் விரிகிறது. காலைத் தூக்கினால் சுருங்குகிறது. சேற்றில் அழுந்திய காலை யானை சுலபமாக உருவிக்கொள்வது இதனால்தான். அவ்வளவு பெரிய உடம்பு சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்பதும் இதனால்தான்.

மெத்தைக்குள் முட்டுக் கொடுக்கும் கட்டை மாதிரி ஒன்றும் உண்டு. 1706ல் ஸ்காட்லாந்தின் டண்டீ அருகே இறந்துபோன ஒரு யானையைப் பேட்ரிக் பிளேர் என்ற மருத்துவர் அறுத்துப் பார்த்தார். 1710ல் வெளியான அவருடைய விவரிப்பில் 5 விரல்களோடு ஆறாவதாக ஒன்றும் இருந்தது. அது விரல்தானா, வெறும் குருத்தெலும்பா என்ற கேள்வி அப்படியே கிடந்தது. சுமார் 300 வருடம் கழித்து, 2011ல், லண்டனைச் சேர்ந்த ஜான் ஹட்சின்சனின் குழு விடை சொன்னது. அது விரல் அல்ல, விரல் வேலை பார்க்கும் ஓர் எலும்பு. இளம் யானையில் குருத்தெலும்பாக இருக்கும். வயது ஏற ஏற எலும்பாகி, மெத்தைக்குள் சாய்ந்து நின்று பின்பக்கத்தைத் தாங்கும்.

உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. அதிலும் வெளிப்பக்கத்து விரல்களில் அழுத்தம் அதிகம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டில் யானை இரை தேடி நடந்துகொண்டே இருக்கிறது. மணல், சேறு, புல், சரிவு என்று தரை மாறிக்கொண்டே இருக்கும். நகமும் உள்ளங்கால் தோலும் ஒரு பக்கம் வளர, ஒரு பக்கம் தேயும். கணக்கு சரியாகிவிடும். சிமென்ட் தரையில் ஒரே இடத்தில் நிற்கும் யானைக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது. தேயாத நகம் வளர்ந்து அழுத்தி வெடிக்கும். சிறுநீரும் சாணமும் சேர்ந்த ஈரத்தில் தோல் ஊறிப் பிளக்கும். பிளவுக்குள் கிருமி போகும், சீழ் கட்டும். பெரும்பாலும் எங்கே தெரியுமா? முன்னங்காலின் வெளிப்பக்கத்து விரல்களில். சீழ் எலும்பைத் தொட்டுவிட்டால் ஆண்டுக்கணக்கில் வைத்தியம் ஓடும். நமக்குக் காலில் புண் வந்தால் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம். 3 டன் எடையுள்ள உடம்புக்கு அந்த வசதி இல்லை. வலிக்கிற காலைக் காப்பாற்ற மற்றக் கால்கள் கூடுதலாகச் சுமக்க வேண்டும்.

கருங்கல் பாவிய பிராகாரத்தில் நிற்கும் நம் கோயில் யானைகளுக்கும் இதே கால்கள்தான். ஆசி வாங்கும் அவசரத்தில் நாம் தும்பிக்கைக்குக் கீழே பார்ப்பதில்லை.

வட அமெரிக்கப் பூங்காக்களில் இருந்த யானைகளைப் பெரிய அளவில் ஆராய்ந்து 2016ல் வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு யானைகளுக்குக் காலில் ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. எல்லாமே ஆபத்தானவை அல்ல, சின்ன வெடிப்பும் கணக்கில் சேரும். கெட்டியான தரையில் கழியும் நேரம் கூடினால் கால், மூட்டுக் கோளாறுகளும் கூடின. ஆனால் அதே ஆய்வு வரிசையில் இன்னொரு முடிவு இரண்டு தரப்பையுமே சங்கடப்படுத்தியது. காலில் ஜிபிஎஸ் கட்டி அளந்தபோது யானைகள் சராசரியாக நாளுக்கு சுமார் 5.3 கிலோமீட்டர் நடந்தன. இடம் பெரிதாக இருந்தால் நடையும் கூடும் என்றுதான் யாரும் நினைப்போம். கூடவில்லை. சாப்பாடு எப்போது, எந்த வடிவில் வரும் என்று ஊகிக்க முடியாத யானைகள்தான் அதிகம் நடந்தன. தட்டு தானாக வரும் என்று தெரிந்தால் யார்தான் எழுந்து போவார்கள்? எத்தனை ஏக்கர் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது பாதிக் கேள்விதான்.

ஆயுள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2008ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆசியப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி யானைகள் இறந்துவிடும் வயது, 18.9 வருடம். மியான்மரில் மரம் இழுத்து உழைக்கும் யானைகளுக்கு 41.7. பழைய காலப் பராமரிப்பின் சாவுகளையும் சேர்த்துவிட்டார்கள் என்று பூங்காக்காரர்கள் மறுத்தார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் அவ்வளவு பெரிய இடைவெளியை அந்தப் பதில் முழுவதும் மூடுவதாக எனக்குப் படவில்லை.

பூங்காவால் ஒரு பயனும் இல்லை என்றும் சொல்ல முடியாது. நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்வது முதலில் பிடிபட்டதே ஒரு பூங்காவில்தான். 1984ல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கேட்டி பெய்ன் என்ற விலங்கொலி ஆய்வாளர் யானைகளின் அருகே நின்றபோது காற்றில் ஏதோ துடிப்பதை உணர்ந்தார். ஒலிப்பதிவு அதை உறுதி செய்தது. இன்று நல்ல பூங்காக்களில் யானை தானே வந்து கம்பி இடுக்கு வழியாகக் காலை நீட்டும். பராமரிப்பாளர் அந்தப் பக்கம் நின்று நகத்தை அரத்தால் ராவுவார். அடி, உதை எதுவும் கிடையாது, பழம்தான் கூலி.

குளிர் ஊர்களின் பாடு தனி. பனிக்காலம் முழுக்கக் கொட்டகைக்குள்ளேயே நிற்க வேண்டும். மூட்டுவலியால் அவதிப்பட்ட விங்கி, வாண்டா என்ற இரண்டு யானைகளை டெட்ராய்ட் பூங்கா 2005ல் கலிபோர்னியாவின் ஒரு சரணாலயத்துக்கு அனுப்பிவிட்டது. டொராண்டோ நகர மன்றம் 2011ல் வாக்கெடுத்து, 2013ல் டோகா, திக்கா, இரிங்கா என்ற மூன்றையும் லாரியில் ஏற்றிக் கண்டத்தின் மறுகோடியில் உள்ள அதே சரணாலயத்துக்கு அனுப்பியது. மெத்தென்ற மண்ணும் வெயிலும் கிடைத்தன. ஆனால் கெட்டுப்போன எலும்பு திரும்ப வராது. இரிங்காவின் கால், மூட்டு நோய் அவளோடேயே பயணம் செய்து வந்திருந்தது. 2015ல், 46 வயதில், அவளைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று.

இந்தியாவில் யானைகளைப் பூங்காக்களில் காட்சிக்கு வைக்கக் கூடாது, முகாம்களுக்கு மாற்ற வேண்டும் என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009லேயே சொல்லிவிட்டது. அப்படியும் டெல்லிப் பூங்காவில் சங்கர் என்ற ஆப்பிரிக்க யானை, துணை 2001ல் இறந்த பிறகு, பல வருடம் தனியாகவே நின்று 2025 செப்டம்பரில் செத்தது.

சரி, லாஸ் ஏஞ்சலஸில் என்ன ஆயிற்று? 2017ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. யானை நலமாக இருக்கிறது என்று அது சொல்லவில்லை. விலங்கு வதை குற்றவியல் சட்டத்தில் வருவது, வரி செலுத்துபவர் போடும் சிவில் வழக்கின் வழியாக அதை அமல்படுத்த முடியாது என்றது. அப்புறம் 2023லும் 2024லும் வயதான இரண்டு யானைகள் அடுத்தடுத்து இறந்தன. மிஞ்சியவை பில்லியும் டினாவும். குறைந்தது மூன்று யானைகள் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பூங்காக்களின் சங்க விதி. 2025 மே மாதம் இரண்டையும் ஓக்லஹோமாவின் துல்சா பூங்காவுக்கு அனுப்பினார்கள். சரணாலயம் கேட்டுப் போராடியவர்கள் கொதித்தார்கள்.

உழச் சொன்ன அந்தத் தரையில் இப்போது யானை இல்லை.