சண்டை இல்லாத கேம்தானேன்னு விட்டுட்டீங்களா?

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு அப்பா, அம்மா, கூட எட்டாவது படிக்கிற பையன், மூணு பேரும் வந்தாங்க. உக்காந்த உடனே அப்பா சொன்னது இதுதான்: "மேடம், சுடுற கேம் எதுவும் எங்க வீட்ல கிடையாது, அதுல நாங்க ஸ்ட்ரிக்ட்டு. இவன் விளையாடுறது தோட்டம் போடுற கேம். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிக்கிறான்." தோட்டத்துக்கு எதுக்கு அலாரம்னு அவருக்குப் புரியவே இல்ல. எனக்குப் புரிஞ்சுது, ஏன்னா அதுக்கு முன்னாடியே மூணு நாலு பிள்ளைங்க அதே கேம என் ரூம்ல உக்காந்து எனக்கு விளையாடிக் காட்டியிருக்காங்க.

நான் குழந்தைகளுக்கும் டீனேஜ் பிள்ளைங்களுக்கும் கவுன்சிலிங் பண்ற சைக்காலஜிஸ்ட். 2020 செப்டம்பர்ல பப்ஜிய தடை பண்ணாங்க, 2022 பிப்ரவரில ஃப்ரீ ஃபயர், அப்பலேருந்து நம்ம வீடுகள்ல கேம்னா ரெண்டே ரெண்டு வகைதான், துப்பாக்கி இருக்கறது, துப்பாக்கி இல்லாதது. முதல் வகைக்கு திட்டு, ரெண்டாவதுக்கு ஒரு கேள்வியும் கிடையாது. எங்கிட்ட வர்ற பெத்தவங்க கிட்ட நான் திரும்பத் திரும்ப பேசுறது அந்த ரெண்டாவது வகையப் பத்தித்தான். ஏன்னா ஆன்லைன்ல பல பேர் சேந்து விளையாடுற கேம்ல சண்டை நடக்கறது கொஞ்ச நேரம், மிச்ச நேரமெல்லாம் பிள்ளைங்க வீடு கட்டுறாங்க, மீன் பிடிக்கிறாங்க, பொருள் மாத்திக்கிறாங்க, சும்மா உக்காந்து கதை பேசுறாங்க, பிள்ளையோட மனசு கிடக்கறது அங்கதான்.

அந்தப் பையன் விளையாடுனது ரோப்லாக்ஸ்குள்ள (நிறைய ஆன்லைன் கேம் ஒரே ஆப்ல இருக்கற இடம்) இருக்கற க்ரோ எ கார்டன். 2025 ஜூன்ல ஒரே நேரத்துல 2 கோடிக்கும் மேல ஆளுங்க அதுக்குள்ள இருந்தாங்க, அவ்வளவு பெரிய கேம். விதை வாங்கணும், நடணும், காய் பறிக்கணும், வித்து இன்னும் காஸ்ட்லியான விதை வாங்கணும், அவ்வளவுதான். நீங்க ஃபோன கீழ வச்சாலும் செடி அது பாட்டுக்கு வளரும். பிரச்சனை விதைக் கடைல. 5 நிமிஷத்துக்கு ஒரு தடவ கடைல ஸ்டாக் மாறும், சாதா விதை எப்பவும் இருக்கும், அரிய விதை எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. நாம தூங்கும்போது வந்து போயிருச்சுன்னா? அந்த பயம்தான் ரெண்டு மணி அலாரம். எப்ப கிடைக்கும்னு தெரியாத பரிசுக்காக ஒரு உயிர் எவ்வளவு நேரம் வேணா பொத்தான அமுக்கிட்டே இருக்கும்னு ஸ்கின்னர்ங்கிற சைக்காலஜிஸ்ட் புறாக்கள வச்சு காட்டி எத்தனையோ வருஷம் ஆச்சு, அதே விஷயம் இங்க கேரட்டும் தக்காளியுமா வந்து நிக்குது.

இத யோசிச்சுப் பாருங்க. சுடுற கேம்ல ஒரு மேட்ச்னா அரை மணி நேரத்துல முடிஞ்சிரும், "இந்த மேட்ச் முடிச்சிட்டு சாப்பிட வா"ன்னு கூப்பிடலாம். தோட்டத்துல எத முடிச்சிட்டு வரச் சொல்வீங்க? நிறுத்தறதுக்கு ஒரு இடமே இல்ல. கேம் அடிமைத்தனம்னு உலக சுகாதார நிறுவனம் அவங்க நோய்ப் பட்டியலான ஐசிடி 11ல ஒரு நோயா சேத்திருக்கு, 2022லேருந்து அது நடைமுறைல இருக்கு. அதுல பாக்கறது மூணு விஷயம்: கட்டுப்பாடு கைய விட்டுப் போகுதா, மத்த எல்லாத்தையும் விட கேம் முக்கியமாகுதா, கெடுதல் நடக்குதுன்னு தெரிஞ்சும் தொடருதா. பொதுவா இது 12 மாசமாவது நீடிச்சிருக்கணும். கேம்ல ரத்தம் வருதா கேரட் வருதான்னு அதுல கேக்கவே இல்ல. (எல்லா பிள்ளைக்கும் இது நோய் கிடையாது, அந்தப் பையனுக்கும் நான் அப்படி எழுதல. தூக்கம் கெட்டிருந்துச்சு, அவ்வளவுதான்.)

இன்னொரு பொண்ணு, ஆறாவது. நாலு நாளா ஸ்கூலுக்குப் போகல, சாப்பாடு இறங்கல, ஸ்கூல்ல யாரோ என்னமோ பண்ணிட்டாங்கன்னு பதறி அடிச்சு கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டாவது தடவ வந்தப்பதான் சொல்லுச்சு, அடாப்ட் மீன்னு ஒரு கேம்ல மாசக்கணக்கா வளத்த பெட்ட, அதாவது கேம்குள்ள இருக்கற செல்லப் பிராணிய, ஒருத்தர் ஏமாத்தி வாங்கிட்டாங்க. "நீ முதல்ல குடு, நான் அப்புறம் குடுக்கறேன்"ன்னு சொல்லி வாங்கிட்டு ஆள் எஸ்கேப். இதுக்கு ட்ரஸ்ட் ட்ரேட்னு பேர், இது ரொம்ப நடக்குதுன்னு அந்த கேம்லயே ட்ரேட் லைசென்ஸ்னு ஒரு டெஸ்ட் வச்சு, ஏமாத்து வேலைய எப்படி கண்டுபிடிக்கறதுன்னு பிள்ளைங்கள பதில் சொல்ல வைக்கிறாங்க. அம்மா கேட்டாங்க, "ஒரு பொம்மைக்காடி இத்தனை அழுகை?" அந்தப் புள்ள தலையக் குனிஞ்சுகிட்டா. அந்த இடத்துல எனக்கே நெஞ்சு கனத்துச்சு. அவளுக்கு அது அவ உழைச்சு சேத்த சொத்து, தவிர ஏமாந்துட்டோம்ங்கிற அவமானம் வேற. நீங்க சீட்டு கட்டி ஏமாந்தா எத்தன நாள் தூங்க மாட்டீங்க?

இதுலயே இன்னும் கவலையான ஒன்னு இருக்கு, அத மறைக்காம சொல்றேன். பிள்ளைங்கள குறி வச்சு வர்ற பெரிய ஆளுங்க சண்டை போட்டுக்கிட்டு வர்றதில்ல, பரிசு குடுத்துக்கிட்டு வர்றாங்க. சும்மா ஒரு பெட் குடுப்பாங்க, வீடு கட்ட உதவி பண்ணுவாங்க, தினமும் "சாப்ட்டியா"ன்னு கேப்பாங்க, ஒரு நாள் "இங்க வேணாம், டிஸ்கார்டுக்கு வா"ம்பாங்க (அது தனியா ஒரு சாட் ஆப்), அதுக்கப்புறம் "ஃபோட்டோ அனுப்பு". கேம விட்டு வெளிய கூப்பிட்டாலே அது மணி அடிச்ச மாதிரி, இத பிள்ளைங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க. அப்படி ஏதாவது நடந்திருந்தா பிள்ளைய அடிக்காதீங்க, அந்த சாட்ட அழிக்காதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஃபோன் பண்ணுங்க, சைபர் க்ரைம் போர்ட்டல்லயும் புகார் குடுக்கலாம்.

இதெல்லாம் படிச்சிட்டு ஃபோனப் புடுங்கி பீரோல வச்சுப் பூட்டிராதீங்க, ஏன்னா நல்லது நடக்கறதும் இதே இடத்துலதான். வீட்டுக்கு வெளிய வாயே திறக்காத ஒரு பொண்ண எனக்கு ரெண்டு வருஷமா தெரியும். அவ விளையாடுறது ஸ்கை: சில்ட்ரன் ஆஃப் த லைட். அதுல ஆயுதமே கிடையாது. எதிர்ல வர்ற ஆள் முதல்ல முகம் தெரியாத நிழல் மாதிரிதான் தெரிவாங்க, ஒருத்தர் மெழுகுவர்த்தில இன்னொருத்தர் வெளிச்சம் ஏத்துனாத்தான் உருவமே தெரியும், அப்புறம் கையப் புடிச்சுக்கிட்டு சேந்து பறக்கலாம், பேசறதெல்லாம் அந்த நட்பு படிப்படியா வளந்த பிறகுதான். பேச பயப்படுற பிள்ளைய முதல்ல பக்கத்துல நிக்க வச்சு, அப்புறம் சைகை, அப்புறம் ஒரு வார்த்தைன்னு நாங்க தெரபில கூட்டிட்டுப் போற படிக்கட்டும் கிட்டத்தட்ட இதுதான். கேம் அவள குணமாக்குச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா "அந்த நிழல் ஆள் கிட்ட எப்படி போன, அத க்ளாஸ்ல பண்ணிப் பாக்கலாமா"ன்னு கேக்க எனக்கு ஒரு வழி கிடைச்சுது. கனடால ஸ்டூவர்ட் டங்கன்னு ஒரு அப்பா, ஆட்டிசம் உள்ளவர், ஆட்டிசம் உள்ள பிள்ளைங்க மத்த இடத்துல சீண்டப்படுறாங்கன்னு அவங்களுக்காகவே 2013ல ஆட்க்ராஃப்ட்னு தனியா ஒரு மைன்க்ராஃப்ட் சர்வர் ஆரம்பிச்சாரு, அதாவது கட்டி விளையாடுற அந்த கேம்ல அவங்க மட்டும் சேந்து விளையாட ஒரு தனி இடம்.

நார்வே மேட்ஸ் ஸ்டீன் கதைய நான் கிட்டத்தட்ட எல்லா பெத்தவங்களுக்கும் சொல்றேன். டூஷேன்னு ஒரு தசைச் சிதைவு நோய், வீல்சேர் வாழ்க்கை, 2014ல 25 வயசுல இறந்துட்டாரு. புள்ள நண்பர்னு யாரும் இல்லாம தனியாவே வாழ்ந்து போயிட்டானேன்னு பெத்தவங்க நினைச்சாங்க. அவர் ப்ளாக்ல இறந்த செய்திய அப்பா போட்டாரு, அதுக்கப்புறம் ஒன்னு பின்னாடி ஒன்னா மெயில் வருது, யாருன்னே தெரியாதவங்க கிட்டேருந்து. வேர்ல்ட் ஆஃப் வார்க்ராஃப்ட்ல ஸ்டார்லைட்னு ஒரு கில்டு (சேந்து விளையாடுற குழு), அதுல அவர் பேரு இபெலின். பேருல போர் இருக்கற கேம், ஆனா அவங்க நினைவு வச்சிருந்தது சண்டைய இல்ல, அவர் காது குடுத்துக் கேட்டத. ஒரு பொண்ணோட கம்ப்யூட்டர வீட்ல புடுங்கிட்டாங்கன்னு அவ பெத்தவங்களுக்கே லெட்டர் எழுதியிருக்காரு. சில பேர் வேற வேற நாட்டுலேருந்து இறுதிச் சடங்குக்கு வந்தாங்க. அந்த அப்பாவும் அம்மாவும் மகன் இருந்தவரைக்கும் திரையில என்ன நடக்குதுன்னு முழுசா தெரிஞ்சுக்காமப் போனத நினைச்சா எனக்கு இன்னமும் தொண்டை அடைக்குது.

அதனால நான் குடுக்கற ஹோம்வொர்க் பிள்ளைக்கு இல்ல, பெத்தவங்களுக்கு. ஒரு அரை மணி நேரம் பக்கத்துல உக்காந்து "எனக்கு சுத்திக் காட்டு"ன்னு கேளுங்க, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. இத எப்ப கட்டுன, இத யாரு குடுத்தா, அவங்கள உனக்கு எப்படித் தெரியும், ஒரு நாள் நீ வரலன்னா என்ன ஆகும். அந்தக் கடைசி கேள்விக்கு பதில் சொல்லும்போது பிள்ளை முகத்த மட்டும் பாருங்க. அன்னைக்கு அட்வைஸ் வேணாம், ஒரு வார்த்தை கூட.

அலாரம் பையனோட அப்பா இதப் பண்ணாரு. அவங்க சொந்த ஊர்ல நெல்லு, உளுந்து போடுற குடும்பம், அவரே சின்ன வயசுல தண்ணி கட்ட ராத்திரி எந்திரிச்சவராம். பையன் ஒவ்வொரு செடியா காட்டுனப்ப அவருக்கும் ஆர்வமாயிருச்சு போல, ஒரு மணி நேரம் போயிருச்சுன்னு சொன்னாரு. அப்புறம் ரெண்டு பேரும் பேசி, செடிதான் தூங்கும்போதும் வளருதே, கடைய மட்டும் சாயங்காலம் ஆறுலேருந்து ஏழு வரைக்கும் பாத்துக்கலாம்னு முடிவு பண்ணாங்க, ஃபோன் ராத்திரி ஹால்ல சார்ஜ்ல. முதல் வாரம் ரெண்டு தடவ பையன் எந்திரிச்சு ஹாலுக்கு வந்திருக்கான், அப்பா திட்டல, தண்ணி குடுத்துப் படுக்க வச்சிருக்காரு. போன வாரம் ஒரு தடவ. அடுத்த வியாழக்கிழமை திரும்ப வர்றாங்க.