கொத்தணி: நிவாரண வேலையில் ஒரு சொல்லின் கதை

"கிளஸ்டர் மீட்டிங்குக்குப் போகிறேன்" என்ற பேச்சைக் கேட்காமல் திருகோணமலையில் எந்தத் தொண்டு நிறுவனத்திலும் அதிக நாள் வேலை செய்ய முடியாது. அனர்த்த காலத்தில் ஒரே துறையில் உதவும் நிறுவனங்கள் ஒன்றாகக் கூடித் திட்டமிடும் அந்தக் கிளஸ்டரைத்தான் நாம் கொத்தணி என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டு வாசகருக்குச் சொல் கொஞ்சம் புதிதாகத் தோன்றலாம். அங்கே கொத்து, தொகுப்பு என்று எழுதிவிடுவார்கள். இலங்கையில் இது பழகிய சொல். பாடசாலைக் கொத்தணி, கொத்தணி அதிபர் என்று ஆசிரியர்கள் பேசியது உண்டு. 2020இல் மினுவாங்கொடைக் கொத்தணி, பேலியகொடைக் கொத்தணி என்று கொரோனாச் செய்தியில் நாள்தோறும் கேட்டோம். கொத்தணிக் குண்டு என்பதும் நம் ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படாத சொல். ஆகவே யாராவது கொத்தணி என்றால், எந்தக் கொத்தணி என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. குலை, கொத்து என்பதுதான் பொருள். தமிழில் கொத்து என்றால் பூங்கொத்து, சாவிக்கொத்து. அணி என்றால் வரிசை, ஒழுங்கு, படைப்பிரிவு, நகை. இரண்டும் சேர்ந்தபோது ஆங்கிலத்தில் இல்லாத ஒரு பொருள் உள்ளே வந்துவிட்டது. குலையில் காய்கள் வெறுமனே நெருங்கித் தொங்கும். அணியில் நிற்பவருக்கு ஓர் இடமும் ஒரு வேலையும் உண்டு. நிவாரணத் துறை கிளஸ்டர் என்று சொல்லும்போது கருதுவது இந்த இரண்டாவது பொருளைத்தான். மூலத்தைவிடப் பெயர்ப்பு நன்றாக அமைந்த இடங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

சரி, துறைப் பொருளுக்கு வருவோம். வளைகுடாப் போருக்குப் பிறகு குர்து மக்கள் இடம்பெயர்ந்தபோது ஐ.நா. நிறுவனங்கள் ஆளுக்கொரு திசையில் இழுத்தன. அதன் பின் 1991 டிசம்பர் 19இல் ஐ.நா. பொதுச்சபை 46/182ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, அவசர நிவாரண ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியை உண்டாக்கியது. அவருக்குக் கீழே மனிதாபிமான உதவியை ஒருங்கிணைக்கும் ஐ.நா. அலுவலகமான ஓச்சா இன்றைய பெயரில் வந்தது 1998இல். அப்புறம், போரால் மக்கள் முகாம்களுக்கு ஓடிய சூடானின் தார்பூர். அங்கே முகாம்களை யார் பார்ப்பது, பாதுகாப்பு யார் பொறுப்பு என்று கேட்டால் கைகாட்ட ஆள் இல்லை. அப்போது ஒருங்கிணைப்பாளராக இருந்த நோர்வேக்காரர் யான் எகெலான்ட் ஒரு மீளாய்வுக்கு ஏற்பாடு செய்தார். அதிலிருந்து 2005இல் பிறந்ததே கொத்தணி முறை. அதே ஆண்டு அக்டோபர் 8இல் பாகிஸ்தானில் வந்த நிலநடுக்கத்தில் முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள்.

முறை எளிது. சுகாதாரத்துக்கு உலக சுகாதார நிறுவனம், தண்ணீருக்கும் துப்புரவுக்கும் யுனிசெப், சரக்குப் போக்குவரத்துக்கு உலக உணவுத் திட்டம் என்று துறைக்கு ஒரு பொறுப்பு நிறுவனம். அந்தத் துறையில் இடைவெளி விழுந்து வேறு யாரும் நிரப்பாவிட்டால், கடைசியில் அந்த நிறுவனமே நிரப்பவேண்டும். முறையின் உயிர் இந்தக் கடைசி விதியில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் கூட்டமும் குறிப்பேடும்.

இனி அரசுகள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பது. 46/182ஐ எந்த வளரும் நாட்டின் பிரதிநிதியும் எடுத்துவைத்துப் பேசுவது ஒரு குறிப்பிட்ட வாசகத்துக்காக: உதவியைத் தொடங்குவதும் ஒழுங்குசெய்வதும் ஒருங்கிணைப்பதும் நடைமுறைப்படுத்துவதும் முதன்மையாகப் பாதிக்கப்பட்ட நாட்டின் பொறுப்பு. அப்படியிருக்க, வெளிநாட்டு நிறுவனங்கள் தமக்குள் துறைகளைப் பிரித்துக்கொண்டு கூட்டம் போட்டால், அரசுக்கு அது தன் அமைச்சுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு அமைச்சரவை முளைத்ததுபோலத் தெரியும். இந்தச் சந்தேகத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2010இல் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹெய்ட்டியில் கொத்தணிக் கூட்டங்கள் ஐ.நா. வளாகத்துக்குள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. கிரியோலும் பிரெஞ்சும் பேசிய உள்ளூர்ச் சங்கங்கள் வாசலிலேயே நின்றன. நாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லாமலே நாட்டைப் பற்றிப் பேசிய கூட்டங்கள் அவை.

சில அரசுகள் சண்டை பிடிக்காமல் சொல்லையே தமதாக்கிக்கொண்டன. பிலிப்பைன்ஸ் 2007இல் கொத்தணிகளைத் தன் அனர்த்த அமைப்புக்குள் சேர்த்து, தன் திணைக்களங்களைத் தலைமையில் உட்காரவைத்தது. இந்தோனேசியா 2014இல் தேசியக் கொத்தணிகளை அமைத்தது. 2018இல் சுலவேசியில் நிலம் அதிர்ந்து கடல் பொங்கியபோது, வெளிநாட்டு நிறுவனங்கள் உள்ளூர்க் கூட்டாளியோடு மட்டுமே வேலை செய்யலாம் என்று கட்டளையிட்டது. இப்படிச் செய்யும்போது முறையின் பெயர் அப்படியே இருக்கிறது. தலைமைக் கதிரையில் இருப்பவர் மட்டும் மாறுகிறார்.

பணம் கொடுக்கும் நாடுகளின் கணக்கு வேறு. ஒரே கிராமத்துக்கு மூன்று நிறுவனம் வாளி கொடுக்கக் கூடாது, தவறு நடந்தால் கேட்க ஒரு பெயர் வேண்டும், நிர்வாகச் செலவு குறைய வேண்டும் என்பதே அவற்றின் எதிர்பார்ப்பு. 2003இல் ஸ்டாக்ஹோமில் கொடைநாடுகள் கூடி நல்ல கொடைக்கான நெறிகளை ஏற்றுக்கொண்டன. 2006இல் ஐ.நா.வின் மத்திய அவசர நிதி மானியம் தரும் நிதியாகப் புதுப்பிக்கப்பட்டது. 2016இல் இஸ்தான்புல்லில் கொடைநாடுகளும் உதவி நிறுவனங்களும் ஏற்ற பெரும் உடன்படிக்கையின்படி, 2020க்குள் நிதியில் 25 சதவீதம் உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு முடிந்த அளவு நேரடியாகப் போகவேண்டும். போகவில்லை. உலக அளவில் மொத்த நிதி அந்த இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. ஏன் என்றால், ஒருங்கிணைப்பை வேண்டிய அதே நாடுகள் தங்கள் கொடி ஒட்டிய, தங்கள் படிவத்தில் அறிக்கை தரும் திட்டத்தையும் வேண்டின. பத்துச் சிறு சங்கங்களுக்குக் கணக்குப் பார்ப்பதைவிட ஒரு பெரிய நிறுவனத்துக்குக் காசோலை எழுதுவது அவற்றுக்குச் சுலபம். ஒருங்கிணைக்க எல்லோருக்கும் ஆசை, ஒருங்கிணைக்கப்பட ஒருவருக்கும் ஆசையில்லை என்று இந்தத் துறையில் ஒரு கேலி உண்டு. அதில் கொடைநாடுகளுக்கும் பங்கு இருக்கிறது.

திருகோணமலைக்காரருக்கு இதெல்லாம் ஏட்டுச் செய்தி இல்லை. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது கொத்தணி முறை இன்னும் பிறக்கவில்லை. கிண்ணியா வைத்தியசாலை அழிந்தது. மூதூர், குச்சவெளி, நிலாவெளிக் கரைகள் சிதைந்தன. நிறுவனங்கள் வந்த வேகத்தில் இலங்கைக் கரையோரத்தில் சிறிய படகுகள் தேவைக்கு மேல் குவிந்தன. ஒருவர் கொடுத்ததை மற்றவர் அறியாமல் கொடுத்ததன் விளைவு அது. வலை, இயந்திரம், வாடி (மீனவரின் கரைக்குடில்) என்று கேட்டவருக்கு இன்னொரு படகு.

அப்போது நம் பத்திரிகைகளில் தினமும் வந்த சொல் 'பொதுக்கட்டமைப்பு'. அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து வடக்குக் கிழக்கின் சுனாமி நிதியைக் கையாள 2005 ஜூன் 24இல் கையெழுத்திட்ட ஏற்பாடு. பணம் கொடுக்கவிருந்த நாடுகளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பிராந்திய நிதியை உலக வங்கி காக்கும் என்று திட்டம். தெற்கில் ஆளும் கூட்டணியில் இருந்த ஜே.வி.பி. கட்சி அதை எதிர்த்து அரசிலிருந்து விலகியது. கையெழுத்திட்டவர்களில் தாங்கள் இல்லையே என்று முஸ்லிம்கள் கேட்டார்கள்; கிண்ணியாவும் மூதூரும் இருக்கும் மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை என்று சொல்லவேண்டியதில்லை. ஜூலை 15இல் நாட்டின் மிக உயர்ந்த மன்றமான உயர் நீதிமன்றம் முக்கியப் பிரிவுகளை இடைநிறுத்தியது. கொடைநாடுகள் நிர்வாக ஏற்பாடாகப் பார்த்ததை நாட்டுக்குள் எல்லோரும் இறைமைப் பிரச்சினையாகவும் பங்கீட்டுப் பிரச்சினையாகவும் பார்த்தார்கள். யார் யாரை ஒருங்கிணைப்பது என்பது அரசியல் கேள்வி என்று இங்கே தெரிந்த அளவுக்கு, உதவி நிறுவனங்கள் பலவற்றின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவில் தெரிந்ததா என்பது எனக்குச் சந்தேகம்.

2025இல் காற்று மாறியது. அமெரிக்கா தன் உதவி முகமையான யு.எஸ்.எய்டை ஜூலை 1 முதல் மூடியது. மற்ற பெரிய கொடைநாடுகளும் நிதியைக் குறைத்தன. ஓச்சாவின் தலைவர் டொம் பிளெட்சர் மார்ச்சில் மனிதாபிமான மறுசீரமைப்பை அறிவித்தார்: கொத்தணிகளை இணைத்துக் குறைப்பது, கூட்டங்களை வெட்டுவது, பொது நிதி வழியாக உள்ளூர் அமைப்புகளுக்கு அதிகம் கொடுப்பது. இருபது ஆண்டு சொல்லியும் நடக்காத சீர்திருத்தம் காசு தீர்ந்ததும் ஓடத் தொடங்கியது. அந்தக் காசுக் குறைவுக்கு நடுவிலேயே, அதே ஆண்டு நவம்பர் இறுதியில் இலங்கையில் டித்வா புயல். மகாவலி ஆறு பெருகி, திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம்.

கடைசியாக, எந்தச் சொல்லை எழுதுவது? ஒருங்கிணைப்பு என்பதைக் கொத்தணிக்கு மாற்றாக எழுதுவது தவறு. 'ஒருங்கு' பழைய சொல்தான். 760ஆம் குறளில் பொருள் சேர்த்தவனுக்கு "ஏனை இரண்டும் ஒருங்கு", அதாவது அறமும் இன்பமும் ஒன்றாக, வந்துசேரும். நிவாரண உலகத்திலும் பொருள் இருக்கும் இடத்தில்தான் மற்றவை ஒருங்கு சேர்கின்றன, அது வேறு கதை. ஆனால் இன்று ஒருங்கிணைப்பு என்று சொன்னால் பலவற்றை ஒன்றாக்கிவிடுவதும் அதற்குள் அடங்குகிறது. வெவ்வேறாக இருந்துகொண்டே ஒழுங்குபட நிற்பதைக் கொத்தணி சரியாகச் சொல்கிறது. தனித்தனித் துறையைச் சுட்டும்போது 'சுகாதாரக் கொத்தணி' என்றோ, குண்டின் நினைவு வேண்டாம் என்பவர்கள் 'சுகாதாரத் துறையணி' என்றோ எழுதலாம். தலைமை தாங்கும் நிறுவனத்தை 'முன்னணி நிறுவனம்' என்று எழுதினால் முதலிடம் பிடித்த நிறுவனம் என்று படிக்க இடமுண்டு. 'பொறுப்பு நிறுவனம்' என்று எழுதுங்கள். வெருகலில் கிணறு இறைக்க யாரும் வராதபோது யாரைக் கேட்பது என்று கிராம அலுவலருக்கும் விளங்கும்.