இம்பிளாண்ட்: பல் பதியம்

பல் மருத்துவத்தில் இம்பிளாண்ட் என்று வழங்குவது, இழந்த பல்லின் வேருக்கு மாற்றாகத் தாடை எலும்புக்குள் வைக்கப்படும் திருகு வடிவத் துண்டாகும். இது பெரும்பாலும் டைட்டானியத்தாலோ அதன் கலவையாலோ செய்யப்படுகிறது. வாயைத் திறந்தால் தெரியும் வெண்ணிறப் பல் இம்பிளாண்ட் அன்று. அது, திருகின் மேல் பொருத்தப்படும் அபட்மெண்ட் என்னும் இடைத்தண்டின் மீது அமர்த்தப்படும் கேப். கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் மூன்றையும் சேர்த்து 'ஸ்குரூ பல்' என்றோ 'நிரந்தரப் பல்' என்றோ சொல்லிவிடுகிறார்கள். 'ஃபிக்ஸ்டு பல்' என்றாலோ, பக்கத்துப் பற்களைச் சீவி அவற்றின் மேல் கட்டும் பிரிட்ஜையும் அது குறிக்கும். இம்பிளாண்டுக்கு ஒரு விலையைக் கேட்டுச் சம்மதித்தவர், பின்னர் கேப்புக்குத் தனியாகக் கேட்கும்போது திகைப்பது இந்தப் பெயர்க் குழப்பத்தினால்தான்.

இச்சொல்லின் பிறப்பிடம் இலத்தீன். 'உள்ளே' என்னும் பொருளுடைய முன்னொட்டும், 'நடுதல்' என்னும் பொருளுடைய 'பிளாந்தாரே' என்னும் வினையும் சேர்ந்து உருவாகி, பிரெஞ்சின் வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது புதிய சொல்லாக இராது. எழுத்து அதுவே, ஒலிப்புதான் வேறு. அந்த இலத்தீன் வினைக்கு அடியான 'பிளாந்தா' உள்ளங்காலையும் குறிக்கும், நாற்றையும் குறிக்கும். நட்ட கன்றைச் சுற்றி மண்ணைக் காலால் மிதித்து இறுக்கும் வழக்கத்திலிருந்தே நடுதல் என்னும் பொருள் கிளைத்தது என்று கருதப்படுகிறது.

தமிழில் இதற்கு 'உள்வைப்பு' என்பது ஓரளவு பரவியிருக்கிறது. பிழையான சொல் அன்று; ஆனால் உடலுக்குள் எதை வைத்தாலும் உள்வைப்புதான், வைத்தது பற்றிக்கொண்டதா என்பதை அச்சொல் தெரிவிப்பதில்லை. 'உட்பொருத்து' என்பது கழற்றி மாட்டும் இயந்திர உறுப்பை நினைவூட்டுகிறது. 'பல் மாற்று' முற்றிலும் பொருந்தாது; ஒருவருடைய பல்லையே எடுத்து வேறிடத்தில் நடுவதும் பல் மருத்துவத்தில் உண்டு, அது தனிச் சிகிச்சை. இவற்றைவிட 'பல் பதியம்' என்பதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. பண்ருட்டி வட்டாரத்தில் செடி கொடி வளர்ப்பவர்களுக்குப் பதியம் போடுதல் என்பதை விளக்க வேண்டியதில்லை. கிளையைத் தாய்ச்செடியோடு வளைத்து மண்ணில் அழுத்தி, வேர் பிடிக்கும்வரை அசைக்காமல் விட்டுவைப்பதே பதியம்.

ஒரு மறுப்பு எழலாம். பதியத்தில் உயிருள்ள கிளை மண்ணுக்குள் வேர் விடுகிறது. டைட்டானியத்துக்கோ உயிரில்லை, அதை நோக்கி வளர்வது எலும்புதான். மறுப்பு சரியே. ஆனால் 'பதி' என்னும் வினையின் இரு வடிவங்களும் இங்கே கைகொடுக்கின்றன. மருத்துவர் திருகைப் பதிக்கிறார். அது ஒரு நாள் வேலை. திருகு எலும்பில் பதிகிறது. அதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகலாம். ஆங்கிலத்தில் இரண்டாவது நிகழ்வுக்கு 'ஆசியோஇன்டெக்ரேஷன்' என்று வேறொரு நீண்ட சொல் தேவைப்படுகிறது. தமிழில் அதனை 'எலும்புப் பதிவு' எனலாம். முன்பு ராஜா முத்தையா பெயரில் இருந்த சிதம்பரம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியிலும் புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவ நிலையத்திலும் பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்குத் தமிழில்தானே சொல்லியாக வேண்டும்? 'பதித்தாகிவிட்டது, இன்னும் பதியவில்லை' என்றால், கேப் போட ஏன் காத்திருக்க வேண்டும் என்பது அவருக்கு உடனே விளங்கும்.

எலும்பு இவ்வாறு உலோகத்தைப் பற்றிக்கொள்வதைக் கண்டவர் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க். 1950களில், முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தை ஆராய அவர் பொருத்திய டைட்டானியக் கருவி, ஆய்வு முடிந்தபின் எலும்போடு ஒன்றிப்போய் எளிதில் கழற்ற முடியாததாக இருந்தது. அதைப் பின்தொடர்ந்து சென்றவர், 1965இல் முதல் முறையாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியப் பதியங்களை வைத்தார்.

இயற்கைப் பல்லுக்கும் பதியத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் சொல் விளக்கத்தோடு சேர்த்தே அறிய வேண்டும். இயற்கைப் பல்லின் வேர் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இடையே மெல்லிய நார்த்திசு இருந்து, கடிக்கும் விசையைத் தாங்கி, கல் கடிபட்டால் உடனே உணர்த்துகிறது. பதியத்துக்கு அந்த நார்த்திசு கிடையாது. தாடை வளர்ச்சி முடியாத சிறுவர்களுக்கு இதைப் பொதுவாக வைப்பதில்லை; தாடை வளரும், பதியம் அதனுடன் நகராது. பல் எடுத்த இடத்தில் எலும்பு கரையும் என்பதால், நெடுநாள் கழித்து வருபவருக்கு முதலில் எலும்புத்தூள் வைத்து இடத்தை நிரப்ப வேண்டியிருக்கலாம். கட்டுக்குள் வராத சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் பதியம் பிடிப்பதைத் தடுக்கக்கூடியவை. எலும்பு அடர்த்திக் குறைவுக்குச் சில வகை ஊசி, மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உலோகம் என்பதால் பதியத்துக்குச் சொத்தை வராது. எனினும், துலக்காமல் விட்டால் அதைச் சுற்றியுள்ள ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, நன்கு பதிந்த பதியமும் ஆடத் தொடங்கும். 'பெரி-இம்பிளாண்டைட்டிஸ்' என்னும் அந்நோயைப் 'பதியச் சூழழற்சி' எனலாம். அதன் தொடக்க அடையாளம் பெரும்பாலும் வலி அன்று, துலக்கும்போது கசியும் இரத்தம்.