ஜீப்பின் குட்டி கியர்

நாகலூர் பக்கம் என் மாமாவுக்கு நாலு ஏக்கர் காபித் தோட்டம். சில்வர் ஓக் நிழல், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. ஏற்காட்டில் எல்லாத் தோட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். போன மார்கழியில் பழம் பறித்து முடித்த சாயங்காலம், பள்ளத்திலிருந்து மேலே தார் ரோட்டுக்கு இருபது மூட்டை ஏற்ற வேண்டியிருந்தது. வாடகைக்கு வந்த பிக்கப் பாதித் தடத்தில் நின்றுவிட்டது. காலையில் பெய்த தூறலில் செம்மண் வெண்ணெய் மாதிரி இருந்தது. பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறித்தது. மூன்றாவது முயற்சியில் கிளட்ச் கருகும் வாடை வந்தது. அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

பக்கத்துத் தோட்டத்துப் பழைய ஜீப் வந்தது. டிரைவர் பையன், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த குட்டிக் கம்பியைப் பிடித்து இழுத்தான். 'டக்' என்று ஒரு சத்தம். அதே மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில், அலட்டிக்கொள்ளாமல் ஏறிப் போய்விட்டது.

"இது முப்பது வருஷ வண்டி மாப்ள. இதே வேலையைச் செய்யத்தானே புதுசும்? அதுக்கு எதுக்கு அவ்வளவு விலை?" என்று கேட்டார் மாமா. நியாயமான கேள்வி. அந்தக் குட்டிக் கம்பி என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் விலை எங்கே போகிறது என்பதும் புரியும்.

கணக்குக்கு வசதியாக, வண்டி ஒன்றரை டன், சுமை ஒரு டன், மொத்தம் 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தடம் ஐந்து அடி போனால் ஒரு அடி உயர்கிறது. அப்படியானால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 500 கிலோ, வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். அதை வெல்ல, 35 செ.மீ. ஆரமுள்ள சக்கரங்களுக்கு ஏறத்தாழ 1,700 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் பலம், வேண்டும். நம் ஊர் பிக்கப் இன்ஜின் கொடுப்பது சுமார் 200. மீதியைக் கொடுப்பது கியர். முதல் கியரும் பின் அச்சில் இருக்கிற கிரவுன் பல்சக்கரமும் சேர்ந்து இன்ஜின் சுற்றை ஏறக்குறைய 16-ல் ஒன்றாகக் குறைக்கின்றன. சுற்று குறைகிற அளவுக்கு முறுக்கு கூடும். 200 என்பது 3,200 ஆகிவிடுகிறது. சேற்றில் டயர் புதைவதற்கு ஒரு பங்கைக் கழித்தாலும் ஏறுவதற்குப் போதும்.

அப்புறம் ஏன் கிளட்ச் கருகியது? வேகத்தால். இன்ஜின் 1,500 சுற்றில் இருந்தால், முதல் கியரில் வண்டி மணிக்கு 12 கி.மீ. போகும். தார் ரோட்டில் அது ஊர்வது. கல்லும் வேருமாகக் கிடக்கிற தோட்டத் தடத்தில் அது பாய்ச்சல், மூட்டையெல்லாம் தூக்கி எறியப்படும். ஐந்து கி.மீ. வேகத்தில் போகலாமென்றால் இன்ஜின் 600 சுற்றுக்கு இறங்க வேண்டும். அந்தச் சுற்றில் அதற்கு இழுக்கத் தெம்பு இருக்காது, அணைந்துவிடும். அதனால் டிரைவர் கிளட்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டே ஓட்டுகிறார். இன்ஜின் வேகமாகச் சுற்ற, சக்கரம் மெதுவாகச் சுற்ற, நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுவதும் கிளட்ச் தட்டில் உரசி வெப்பமாகிறது.

குட்டிக் கம்பி இருக்கிற வண்டியில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பார்கள். அதன் லோ கியர் சுற்றை இன்னும் சுமார் இரண்டரை மடங்கு குறைக்கும். 16 என்பது 40 ஆகிறது. அதே 1,500 சுற்றில் வண்டி மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நகரும். கிளட்சிலிருந்து காலை முழுக்க எடுத்துவிடலாம்.

பெட்டியின் இன்னொரு வேலை, முன் அச்சுக்கும் ஒரு ஷாஃப்டை அனுப்புவது. இன்ஜினுக்கு எத்தனை பலம் இருந்தாலும், டயருக்கும் மண்ணுக்கும் நடுவில் பிடிப்பு இருக்கிற அளவுக்குத்தான் அது தரையில் இறங்கும். நனைந்த செம்மண்ணில் அந்தப் பிடிப்பு சக்கரத்தின் மேல் இருக்கும் எடையில் பத்தில் மூன்று பங்கு என்று கொள்வோம். பின்சக்கரம் மட்டும் ஓடும் பிக்கப்பில் பின் அச்சின் மேல் இருப்பது 1,500 கிலோ என்றால் கிடைக்கும் பிடிப்பு 450 கிலோ. தேவையோ 500. அந்த ஐம்பது கிலோ பற்றாக்குறைதான் அன்றைக்குக் குழி பறித்தது. நாலு சக்கரமும் ஓடினால் மொத்த எடையும் கணக்கில் சேர்ந்து, பிடிப்பு 700 கிலோவைத் தாண்டிவிடும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியில் கோத்தால் டயர் இழுபட்டுத் தேயும். அதற்காகத்தான் டிஃபரன்ஷியல். 1820-களின் இறுதியில் பிரான்சில் ஒனேசிஃபோர் பெக்கர் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு சக்கரத்துக்கும் சம விசை கொடுத்து, வேகத்தை அவற்றின் போக்குக்கு விட்டுவிடுகிற அமைப்பு அது. ஆனால் ஒரு சக்கரம் வழுக்குச் சேற்றில் இருந்தால் அதற்குத் தேவைப்படும் விசை அற்பம். சமமாகத்தான் கொடுப்பேன் என்பதால், கெட்டித் தரையில் இருக்கிற இன்னொரு சக்கரத்துக்கும் அதே அற்பம்தான் கிடைக்கும். ஒன்று வீணாகச் சுற்ற, மற்றது சும்மா நிற்கும். லாக் வைத்த டிஃபரன்ஷியல் இரண்டையும் தற்காலிகமாகப் பிணைத்துவிடும். மலைத் தோட்டத்துக்கு வண்டி பார்ப்பவர்கள் குதிரைத்திறனை விசாரிப்பதற்கு முன்னால் இதை விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இறக்கத்தைச் சொல்லாவிட்டால் ஏற்காட்டுக் கணக்கு முழுமையாகாது. நம் சரக்கெல்லாம் கீழே இறங்குகிற சரக்கு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 280 மீட்டர். 2,500 கிலோ வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது விடுகிற ஆற்றல் எட்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். குழாய்த் தண்ணீர் 90 லிட்டரைக் கொதிக்க வைக்கலாம். அத்தனை வெப்பத்தையும் பிரேக்கின் தலையில் கட்டினால், இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் பிரேக் சூடேறிப் பிடிப்பு இழக்கும். கியரைக் குறைத்து, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்க விட்டால்தான் அடிவாரத்துக்கு நிம்மதியாக வந்து சேரலாம்.

சரி, விலைக்கு வருவோம். இதுவரை சொன்ன எதுவும் புதிதல்ல. 1940-களின் இறுதியில் மஹிந்திரா மும்பையில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பிலேயே நாலு சக்கர ஓட்டமும் லோ கியரும் இருந்தன. விலை ஏறியதில் பெரும் பங்கு மலையேற உதவும் பாகங்களால் வந்ததல்ல, இன்ஜினையும் புகைக்குழாயையும் சுற்றி வந்தது.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6, அதாவது வண்டிப் புகைக்கு வரம்பு வைக்கும் பாரத் ஸ்டேஜ் விதியின் ஆறாம் படி. நாலிலிருந்து ஐந்தைத் தொடாமல் ஆறுக்குத் தாவினோம். டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு விடலாம் என்றிருந்த கரித்துகள் 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆகவும், நைட்ரஜன் ஆக்சைடு 250-லிருந்து 80 ஆகவும் குறைந்தன. பிக்கப்புக்கு எடையைப் பொறுத்து அளவு மாறும், இறுக்கம் அதே மாதிரிதான். டீசலிலும் கந்தகத்தை பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆக்கினார்கள். பழைய இன்ஜினில் பம்ப் டீசலைச் சில நூறு பார் அழுத்தத்தில் தெளித்தது. இப்போது காமன் ரெயில் என்கிற, எல்லா சிலிண்டருக்கும் பொதுவான அழுத்தக் குழாய் 1,600 பாருக்கு மேல், தலைமுடி பருமனுள்ள துளைகள் வழியாகத் தெளிக்கிறது. அந்தத் துளையைத் துல்லியமாகப் போடுவதற்கும், கணக்குப் போட்டுத் திறந்து மூடும் கம்ப்யூட்டருக்கும், சென்சார்களுக்கும் காசு.

அடுத்து புகைக்குழாயில் ஒரு வடிகட்டி. தேன்கூடு மாதிரியான பீங்கான் கட்டி. அடுத்தடுத்த குழல்களை எதிரெதிர் முனைகளில் அடைத்திருப்பார்கள். புகை குழல் சுவரின் நுண்துளை வழியாகப் புகுந்துதான் வெளியேற முடியும். கரி உள்ளேயே தங்கும். மேலே பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம். தங்கக் கடையில் விற்கிற சாமான், விலைக்குக் கேட்கவா வேண்டும்.

தங்கிய கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்கு 600 டிகிரி வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அது தானாக நடக்கும். தோட்டத்துக்கும் களத்துக்கும் இரண்டு கி.மீ. போய் வருகிற வண்டியில் புகைக்குழாய் அந்தச் சூட்டைத் தொடவே தொடாது. மலையிறங்கும்போது ஆக்சிலேட்டரில் கால் இல்லை, டீசலே போகாது, குழாய் இன்னும் ஆறிவிடும். டேஷ்போர்டில் இந்த வடிகட்டிக்கான விளக்கு எரிகிறதென்றால் கரி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். உரமோ தீவனமோ ஏற்றிக்கொண்டு அடிவாரத்திலிருந்து மேலே ஏறுகிற பயணம்தான் அதற்கு நல்ல மருந்து. விளக்கைப் பார்த்ததும் இன்ஜினை அணைத்து வண்டியை ஓரம் கட்டினால் வியாதி முற்றும். வண்டி விற்கும்போதே இதைச் சொல்லித்தர வேண்டும். எனக்குத் தெரிந்த பலருக்கு யாரும் சொல்லவில்லை.

சில வண்டிகளில் யூரியாக் கரைசலுக்குத் தனி டேங்க் உண்டு. 32.5 சதவீத யூரியா, மீதி தூய நீர். சூட்டில் அது அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக மாற்றுகிறது. யூரியாதானே என்று வயலுக்குப் போடுகிற மூட்டையிலிருந்து கரைத்து ஊற்றிவிடாதீர்கள். 2015 முதல் நம் வயல் யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயம். அதுவும் மற்ற கசடும் தெளிப்பானை அடைத்துவிடும்.

இந்தச் செலவு வீண் என்று நான் சொல்லமாட்டேன். களத்தில் காபி துழாவுகிற பெண்கள், வண்டி பின்னுக்கு வரும்போதெல்லாம் கரும்புகையைச் சுவாசித்தவர்கள். என் கோபம் வரியின் மேல். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம், சரக்கு பிக்கப்புக்கு 28-லிருந்து 18. நல்லது. ஆனால் ஆள் ஏறும் வண்டி நாலு மீட்டரைத் தாண்டி, 1,500 சி.சி.யைத் தாண்டி, தரையிலிருந்து 170 மி.மீ. உயர்ந்து நின்றால் 40 சதவீதம். பறிக்கிற ஆட்களையும் கூட்டிப்போக வேண்டிய மலைத்தோட்டத்துக்கு அந்த உயரம் ஆடம்பரமில்லை, வண்டியின் அடி கல்லில் இடிக்காமல் இருக்க வேண்டுமே.

மாமா ஷோரூமுக்குப் போனார். விலையும் மாதா மாதம் கட்ட வேண்டிய டியூவும் எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கயிறும் மட்டப் பலகையுமாகத் தடத்தில் இறங்கினோம். அதே உயரத்தை இரண்டு மடங்கு நீளத்தில் ஏறினால் சாய்வு பாதியாகும். பின்னால் இழுக்கும் 500 கிலோ 250 ஆகும். பின்சக்கரத்தின் 450 கிலோ பிடிப்பே தாராளம். மலைப்பாதையில் இருபது வளைவு போட்டவர்கள் செய்ததும் இதைத்தான். ஜே.சி.பி. ஒன்றரை நாள் ஓடியது. பதினோரு காபிச் செடியும் ஒரு சில்வர் ஓக்கும் போயின. புது வளைவில் ஜல்லி கொட்டி மிதித்தோம்.

சித்திரை மழைக்கு மறுநாள் உர மூட்டையோடு வாடகை பிக்கப் இறங்கியது, பழைய சாமான்களை ஏற்றிக்கொண்டு திரும்பவும் ஏறியது. வளைவில் மட்டும் பின்சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது. மாமா அந்த இடத்தில் காலால் கோடு கிழித்து, "இங்க இன்னும் ரெண்டு கூடை ஜல்லி" என்றார்.