திரையில் ஒருவர் கையசைக்க, அரங்கில் வயலின் எழுவது எப்படி?

2008 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை காலை. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் நிறையப் பிள்ளைகளும் பெற்றோர்களும். மேடையில் பிபிசி ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, மேலே பெரிய திரை. திரையில் 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரின் நாயகன் டாக்டர், அதாவது டேவிட் டெனன்ட், தன் விண்கலத்தில் உட்கார்ந்து இசை எழுதிக்கொண்டிருக்கிறார். திடீரென்று விண்வெளியில் ஒரு துளை திறக்கிறது. துளைக்கு அந்தப் பக்கம் தெரிவது இதே அரங்கம். டாக்டர் தன் இசைத்தாள்களைத் துளை வழியே அனுப்பிவிட்டுக் கையை உயர்த்துகிறார். கீழே நிஜ வயலின்கள் வாசிக்கத் தொடங்குகின்றன.

'மியூசிக் ஆஃப் தி ஸ்பியர்ஸ்' என்ற அந்த ஏழு நிமிடக் குறும்பகுதி, அந்தக் கச்சேரிக்கென்றே தொடரின் அப்போதைய தலைமை எழுத்தாளர் ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதியது. டெனன்ட் அன்று அரங்கில் இல்லை. அவர் நடித்ததெல்லாம் முன்கூட்டியே எடுத்த படம். உண்மையில் மேடையில் நின்று இசைக்குழுவை நடத்தியவர் பென் ஃபாஸ்டர். அப்படியிருந்தும் திரையில் இருப்பவரின் கைக்கு வயலின்கள் கட்டுப்படுவது போலத் தெரிகிறதே, அது எப்படி?

நம் கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். பாடகர் ஒரு சங்கதியை இழுத்தால் மிருதங்கக்காரர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கூடப் போவார். பாடகரும் இவருக்காக ஒரு நொடி நிற்பார். திரைக்குக் கண் இல்லை. அது யாருக்காகவும் நிற்காது. ஆகவே விட்டுக்கொடுக்க வேண்டியது முழுக்க முழுக்க மேடைதான்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு பகுதி ஒரு நிமிடம் ஓடுகிறது. நடத்துநர் 119 தட்டில் போய்விட்டார் என்று வையுங்கள். காதால் கேட்டு இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவர் மிக அரிது. ஆனால் 120ஆவது தட்டு முடியும்போது அரை நொடி பிந்தியிருக்கும். பிரிட்டன் தொலைக்காட்சிப் படம் நொடிக்கு 25 பிரேம் ஓடுவது. அரை நொடி என்றால் 12 பிரேமுக்கும் மேல். டாக்டர் கையை இறக்கி முடித்த பிறகு முரசு அதிரும். அது பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

படத்துக்கு நேரலையாக வாசிக்கும் கச்சேரிகளில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது கிளிக். நடத்துநரின் காதில் 'டிக், டிக்' என்று தாளம் போய்க்கொண்டே இருக்கும். 1930களின் ஹாலிவுட்டில் படச்சுருளின் ஒலிப்பட்டையில் சரியான இடைவெளிவிட்டுத் துளை போடுவார்கள். துளை ஒலிவிளக்கைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சொடுக்கு கேட்கும். இப்போது அதைக் கணினி செய்கிறது. நம்மூர் ரீரெக்கார்டிங் தியேட்டர்களிலும் அதற்குக் கிளிக் என்றுதான் பெயர். ஹெட்போனைப் பலர் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வார்கள். இன்னொரு காது இசைக்குழுவுக்கு வேண்டுமே! இசை தொடங்குவதற்கு முன்பே சில வெற்றுக் கிளிக்குகள் ஓடும். நடத்துநர் வேகத்தைப் பிடித்துக்கொள்வதற்காக.

இரண்டாவது வழியைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடத்துநருக்கு முன்னால் உள்ள சிறு திரையில், படத்தின் மேலேயே ஒரு நிறக்கோடு இடமிருந்து வலமாக நகர்ந்து வரும். வலது ஓரத்தைத் தொட்டதும் பளிச்சென்று ஒரு வெள்ளை வட்டம் வெடிக்கும். அந்த வட்டம் விழும் கணத்தில் சுரம் விழ வேண்டும். பழைய நாட்களில் இந்தக் கோட்டைப் படச்சுருளில் சாய்வாகக் கீறி வைத்தார்கள். பிரேமுக்குப் பிரேம் கீறலின் இடம் மாறுவதால், ஓட்டும்போது கோடு நகர்வது போலத் தெரியும். கிளிக் ஒவ்வொரு தட்டையும் கட்டிப்போடுகிறது. கோடோ சேர வேண்டிய இடத்தை மட்டும் சொல்கிறது; நடுவில் இசை கொஞ்சம் மூச்சுவிடலாம்.

சரி, நடிகரின் கை? கையும் இசையும் பொருந்த வேண்டுமென்றால் இரண்டில் ஒன்று முதலில் உறுதியாகியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பாடல் காட்சி எடுக்கும்போது நாக்ரா என்ற ஒலிநாடாக் கருவியில் பாட்டை ஓடவிட்டு வாயசைக்க வைப்பார்களே, அந்தக் கதைதான். வசனத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. திரையில் இருப்பவர் கூட்டத்தைப் பார்த்து வணக்கம் சொன்னால் கூட்டம் கத்தும் என்று ஊகித்து, ஸ்டுடியோவின் நிசப்தத்திலேயே அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். நீளம் குறைந்தால் அடுத்த வசனம் சத்தத்தில் மூழ்கும். கூடினால் அசடு வழியும். கதையில் கிராஸ்க் என்ற குட்டி வேற்றுக்கோள்வாசி துளைக்குள் குதிக்கிறது. உடனே வேடமணிந்த நடிகர் அரங்கில் நிஜமாகவே தோன்றுகிறார். அதற்கும் நொடிக்கணக்குதான்.

இவ்வளவையும் கட்டிய பிறகு அரங்கமே ஒரு குறுக்கு வேலை பார்க்கும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 60 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு இசை 175 மில்லிநொடி தாமதமாகவே போய்ச் சேரும், அதாவது நாலு பிரேமுக்கு மேல். ஆனால் ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்துப் பழகிய மூளை நம்முடையது. அடி முதலில் கண்ணில் படும், சத்தம் அப்புறம் வரும். அதனால் ஒலி பிந்துவதை நாம் ஓரளவு பொறுத்துக்கொள்கிறோம். முந்தினால் சட்டென்று உறுத்தும். குவிமாடத்தின் எதிரொலி வேறு. 1871இல் திறந்த நாளிலிருந்தே அந்த அரங்கத்துக்கு அது தலைவலி. 1969இல் கூரையிலிருந்து கண்ணாடியிழைக் காளான்களைத் தொங்கவிட்டுத்தான் அடக்கினார்கள்.

'மியூசிக் ஆஃப் தி ஸ்பியர்ஸ்', அதாவது 'கோளங்களின் இசை' என்ற அந்தக் குறும்பகுதியின் தலைப்புக்கு வருவோம். கோள்கள் சுழல்கையில் இசை பிறக்கிறது என்பது பித்தகோரஸ் வழிவந்தவர்களின் நம்பிக்கை. டாக்டரும் சூரியக் குடும்பத்தின் ஈர்ப்பை ஒலியாக மாற்றிக் காட்டுகிறார். விண்வெளியில் காற்று இல்லை, நம் காதுக்கு எதுவும் கேட்காது. ஆனால் கணக்கு கேட்கும். பூமி ஆண்டுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. அந்த அதிர்வெண்ணை 32 முறை இரட்டித்தால், அதாவது 32 ஸ்தாயி மேலே ஏற்றினால், ஏறக்குறைய 136 ஹெர்ட்ஸ் வருகிறது. ஆண் பாடகர் ஒன்றரைக் கட்டையில் வைக்கும் சட்ஜத்துக்கு ஒரு மயிரிழை கீழே!

1619இல் வானியலாளர் கெப்ளர் வேறொரு வழியில் போனார். கோள் சூரியனை நெருங்கும்போது வேகம் கூடும், விலகும்போது குறையும். அந்த இரண்டு கோண வேகங்களின் விகிதத்தையே சுர இடைவெளியாக எழுதினார். புதனின் பாதை நன்றாக நீண்டது, ஆகவே அது ஒரு ஸ்தாயியையும் தாண்டிப் பாடுகிறது. வெள்ளி கிட்டத்தட்ட ஒரே சுரத்தில் நிற்கிறது. பூமிக்குக் கிடைத்தது 16க்கு 15: சட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபம் ஏறி இறங்கும் அளவு. ஜனவரி தொடக்கத்தில் மேல் சுரம், ஜூலை தொடக்கத்தில் கீழ்ச் சுரம். ஆல்பர்ட் ஹாலில் அந்த வயலின்கள் எழுந்தபோது, பூமி சூரியனிலிருந்து மிக விலகிய இடத்தைக் கடந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கெப்ளர் கணக்குப்படி அன்று அது சட்ஜத்தைவிட்டு இன்னும் அசையவே இல்லை எனலாம்.