எழுத்தின் விளிம்பில் பெயிண்ட் ஏன் நிற்பதில்லை?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பழைய ஜீப்பைச் சேலம் பட்டறையில் புதுப்பிக்கிறார்கள் என்று வையுங்கள். டிங்கரிங் முடிந்து பச்சையும் அடித்தாயிற்று. மிச்சம், பின்கதவில் புடைத்து நிற்கும் எழுத்துகள். 1945-இல் வந்த வில்லீஸ் சிஜே-2ஏ ஜீப்பிலேயே பெயர் இப்படித் தகட்டில் அழுத்தப்பட்டிருந்தது. சின்ன வேலைதான், ஆனால் பெயிண்டரின் கை தெரிவது இங்கேதான்.

இரண்டு அச்சுகளுக்கு நடுவே தகட்டை வைத்து அழுத்தினால், இரும்பு பழைய நிலைக்குத் திரும்ப முடியாதபடி வளைந்து நின்றுவிடும். நாம் பார்ப்பது வளைவின் வெளிப்பக்கம். உட்பக்கம் எவ்வளவு கூராக மடிந்தாலும், வெளிப்பக்கம் ஏறக்குறைய தகட்டின் தடிமன் அளவுக்காவது உருண்டுதான் இருக்கும். அதன்மேல் நாலைந்து பழைய பூச்சுகளும் ஏறியிருந்தால் எழுத்து இன்னும் மழுங்கிவிடும். அதனால்தான் முதலில் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கச் சொல்கிறார்கள்.

அடுத்தது பரப்பு இழுவிசை. ஈரப் பெயிண்ட் தன் மேற்பரப்பைச் சுருக்கப் பார்க்கும். கூரான விளிம்பை எட்டியதும் சட்டென்று கீழே இறங்காது, அங்கேயே தயங்கும். எழுத்தின் கோடு சுத்தமாக வருவது இதனால்தான். ஆனால் அதே விசை விளிம்பிலிருந்து பெயிண்டை இருபுறமும் இழுத்துவிடுவதால், அந்த இடத்தில் பூச்சு மிக மெலிந்துபோகும். துரு முதலில் எட்டிப் பார்ப்பதும் அங்கேதான். மாஸ்கிங் டேப் ஒட்டி, எழுத்தோரமாக பிளேடால் கீறுவது எனக்குப் பிடிக்காத வழி. கீறல் இரும்புவரை போனால் துருவுக்கு நாமே கதவைத் திறந்ததாகிவிடும்.

கெட்டியான சின்ன ரோலரே நல்லது. ரப்பர் ஸ்டாம்பில் மேடு மட்டும் மையை வாங்குவதுபோல, எழுத்தின் தலை மட்டும் பெயிண்டை வாங்கிக்கொள்ளும். அதற்கு முன் விளிம்புக்கு மட்டும் பிரஷால் ஒரு கை பிரைமர் கூடுதலாகக் கொடுத்துவிட வேண்டும். பெயிண்டையும் மெல்லிசாக இரண்டு தடவை உருட்டுங்கள். படலத்தின் தடிமன் பாதியானால், அதில் வழியும் பெயிண்டின் அளவு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது.

சரி, வேலையை ஏற்காட்டிலேயே செய்யலாமா? செய்யலாம், ஆனால் மாலைக்கு முன் முடித்துவிடுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், வெயில் இறங்கியதும் தகடு காற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்து ஈரம் கோத்துக்கொள்ளும். எனாமலின் பளபளப்பு மங்கிவிடும். தொட்டால் ஒட்டவில்லை என்பதும் போதாது. எனாமல் ஆக்சிஜனை வாங்கி உள்வரை இறுகப் பல நாள் ஆகும். அதுவரை பாலிஷ் போட வேண்டாம்.